கடைவீதிக்கு நிழல்: மரமா, பந்தலா, சாய்ப்பா?

பங்குனி கழிந்துவிட்டால் நம் ஊர்க் கடைவீதிகளில் பகல் பன்னிரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை ஷட்டர் திறந்திருக்கும், வியாபாரம் இருக்காது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்துவிட்டது. நிழல் வேண்டும் என்பதில் எந்த வணிகர் சங்கத்திலும் இரண்டு கருத்து இல்லை. யார் பணம், எதில் போடுவது என்கிற இடத்தில்தான் கூட்டம் கலைகிறது. துணிக்கடைக்காரர் தூண்களுக்கிடையே படலத்தை இழுத்துக் கட்டும் டென்சைல் கூரை கேட்பார், பழக்கடைக்காரர் வேப்பமரம் போதும் என்பார், மாநகராட்சிப் பொறியாளர் ஏற்கெனவே நிற்கிற மரத்தையே வடிகாலுக்கு இடைஞ்சல் என்பார்.

இந்தத் தேர்வை ரூபாய்க் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். வீதியின் ஒரு பக்கம், 100 மீட்டர் நீளம், 5 மீட்டர் முகப்புள்ள 20 கடைகள் என்று எடுத்துக்கொள்வோம். கடைக்கு நாளொன்றுக்குச் சராசரி விற்பனை 40,000 ரூபாய், மொத்த லாபம் 20 சதவீதம். நிழலால் வருகிற பலனைக் கோடையின் 120 நாளுக்கு மட்டும் கணக்கிடுவோம். விற்பனை 1 சதவீதம் கூடினால் ஒரு கடைக்கு ஒரு நாளில் 80 ரூபாய் கூடுதல் லாபம். 20 கடைக்கும் சேர்த்து வருடத்துக்கு 1,92,000 ரூபாய். இங்கும் கீழேயும் வரும் தொகைகள் கணக்கு ஓடுகிற விதத்தைக் காட்ட வைத்துக்கொண்டவை. உங்கள் வீதியின் எண்களைப் போட்டால் விடை மாறும், வழிமுறை மாறாது.

விற்பனை உண்மையிலேயே கூடுமா?

இந்தப் பேச்சு வரும் இடமெல்லாம் மேற்கோள் காட்டப்படுவது அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கேத்லீன் வுல்ஃப் நடத்திய ஆய்வுகள். மரமுள்ள கடைவீதியில் அதே பொருளுக்குச் சிறு நகரங்களில் 9 சதவீதமும் பெருநகரங்களில் 12 சதவீதமும் அதிகம் கொடுப்போம் என்று மக்கள் சொன்னதாக அவை காட்டின. சொன்னது வேறு, கல்லாவில் விழுந்தது வேறு. படத்தைக் காட்டிக் கேட்ட கேள்விக்கு வந்த பதில் அது. பேரம் பேசி வாங்கும் நம் பஜாருக்கு அதை அப்படியே ஒட்டவைக்க முடியாது. ஆனாலும் கீழே வரப்போகிற கணக்கில் முதல் மீட்க ஒரு சதவீதத்துக்கும் குறைவான உயர்வே போதும். அவர்கள் சொன்னதில் பத்தில் ஒரு பங்கு மெய்யானாலும் தேறிவிடும்.

நியூயார்க்கில் 2007இல் வந்த கணக்கெடுப்பு, தெரு மரத்துக்குச் செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் 5.60 டாலர் பலன் என்றது. அதில் பெரிய பங்கு சொத்து மதிப்பு உயர்வு. வாடகைக்கு இருக்கும் கடைக்காரர் இதைக் கேட்டுச் சந்தோஷப்பட ஒன்றுமில்லை, சொத்து மதிப்பு ஏறினால் அவருக்கு ஏறுவது வாடகைதான். மரச்செலவில் கட்டட உரிமையாளரும் பங்கு தர வேண்டும் என்று கேட்பதற்கு வேண்டுமானால் இந்த எண் உதவும்.

இன்னொரு எண் உச்ச நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு சொன்னது, 2021இல் செய்திகளில் வந்தது: ஒரு மரத்தின் மதிப்பு வருடத்துக்கு 74,500 ரூபாய், அதை மரத்தின் வயதால் பெருக்க வேண்டும். அதில் 45,000 ரூபாய் ஆக்சிஜனுக்கு. மரத்தை வெட்டவிடாமல் நீதிமன்றத்தில் வாதாட இது பயன்படும். சங்கத்தின் வரவுசெலவில் இதை வைத்தால் பொருளாளர் சிரிப்பார். சிலிண்டர் விலையில் காற்றை யாரும் வாங்குவதில்லை.

நமக்கு நேரடியாகப் பொருந்துவது பெங்களூரில் அளந்தது. மரமுள்ள சாலைப் பகுதிகளையும் மரமில்லாதவற்றையும் பிற்பகலில் ஒப்பிட்டபோது காற்றின் வெப்பம் 5.6 டிகிரிவரையும், தார்ச்சாலையின் மேற்பரப்பு வெப்பம் 27.5 டிகிரிவரையும் குறைவாக இருந்ததாக 2013இல் வெளியான ஆய்வு சொன்னது. இரண்டாவது எண்ணைக் கவனியுங்கள். கடைவீதியில் ஆளை விரட்டுவது காற்றைவிடத் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் வரும் அனல்தான்.

தகரம் ஏன் தோற்கிறது

இந்த அனல் விஷயம் புரியாமல் போட்ட கூரைகள் ஊருக்கு ஊர் உண்டு. ஜி.ஐ. தகடு வெயிலைத் தடுக்கும். ஆனால் தானும் காய்ந்து, அடியில் நிற்பவரின் தலைமேல் வெப்பத்தை இறக்கும். ஒன்பது அடி உயரத்தில், காற்றுப்போக வழியில்லாமல் தகரம் போட்டால் வெளியே நிற்பதே மேல். தகரம்தான் என்று முடிவானால் குறைந்தது 4 மீட்டர் உயரம், மேல்பக்கம் வெள்ளை, உச்சியில் சூடான காற்று வெளியேற ஓர் அடித் திறப்பு, இவை மூன்றும் வேண்டும். மர இலையோ நீரை ஆவியாக்கிக்கொண்டே இருப்பதால் காற்றின் வெப்பத்தை ஒட்டியே இருக்கும். தண்ணீர் கிடைக்கிற மரத்துக்குத்தான் இது பொருந்தும் என்பதை மறந்துவிடக் கூடாது. கான்கிரீட்டில் கழுத்துவரை புதைந்த மரம் மதியம் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும்.

டென்சைல் கூரை தகரத்தைவிட எவ்வளவோ மேல். வெள்ளைப் படலம், நல்ல உயரம், பார்க்கவும் லட்சணம். 3 மீட்டர் அகலத்தில் 100 மீட்டருக்குப் போட்டால் ஏறக்குறைய 3,230 சதுர அடி. அடிக்கு 300 ரூபாய் என்றால் 9.7 லட்சம். படலம் 15 வருடம் தாங்கும், கழுவவும் கம்பி இறுக்கவும் வருடத்துக்கு 30,000 என்று வைத்தால் வட்டி சேர்க்காமல் வருடச் செலவு 95,000. விற்பனை அரை சதவீதம் கூடினால் போதும். ஆனால் வீதியில் தூண் நிறுத்த இடம், அஸ்திவாரத்துக்குக் கீழே போகும் கேபிள், தீயணைப்பு வண்டி நுழைய 5 மீட்டர் உயரம் என்று மூன்று தடைகளைத் தாண்ட வேண்டும். கரையோர ஊர்களில் புயல் காற்றுக்கு ஏற்ற வடிவமைப்பு இல்லாமல் ஒப்பந்தக்காரர் கொடுக்கும் மலிவான விலைப்புள்ளியை நம்பக் கூடாது. படலம் கிழிவதில் தொடங்கித் தூணைச் சாய்ப்பதில் முடியும்.

பச்சை நிழல்வலைதான் எல்லாவற்றிலும் மலிவு. புதுச்சேரியில் 2024 கோடையில் சிக்னல்களுக்கு மேல் பொதுப்பணித் துறை வலை கட்டியதும் படம் நாடெல்லாம் சுற்றியது. நம் 100 மீட்டருக்குக் கம்பங்கள் 1.2 லட்சம், பத்து வருடம் இருக்கும். வலை 30,000, மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கட்டவும் அவிழ்க்கவும் வருடத்துக்கு 25,000. எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 47,000 ரூபாய். கால் சதவீத விற்பனை உயர்வில் முதல் வந்துவிடும். வெயிலில் 75 சதவீதத்தைத் தடுக்கும் வலை போதும். 90 சதவீதம் வாங்கினால் காற்றைப் பிடித்துக் கம்பத்தை இழுக்கும். ஐப்பசி மழைக்கு முன் அவிழ்த்தே ஆக வேண்டும். தீபாவளிக்கு வலை மேலே இருக்கவே கூடாது, ஒரு ராக்கெட் போதும். பல ஊர்களில் கட்டியவர்கள் அவிழ்க்கவில்லை, நைந்த வலை அடுத்த பொங்கல்வரை ஈபி கம்பியில் தொங்குகிறது.

கடை முகப்பில் தானே மாட்டிக்கொள்ளும் மடக்குச் சாய்ப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மலிவு, கடைக்காரர் கையில் கட்டுப்பாடு, ஒரு மீட்டர் நிழல். நடந்து போகிறவரைக் கடை வாசலுக்கே ஒதுக்கிக்கொண்டு வருவதால் வியாபாரத்துக்கு நேரடிப் பலன் உண்டு. நடைபாதையில் கால் ஊன்றினால் மட்டும் ஆக்கிரமிப்பு.

மரத்தின் விலை மண்ணுக்கு அடியில்

கடைவீதியில் புதிதாக நட்ட மரங்கள் பெரும்பாலும் பத்து வருடம் ஆகியும் ஆள் உயரத்தில் நிற்பதற்குக் காரணம் கன்றோ தண்ணீரோ அல்ல, குழி. மூன்றடிக்கு மூன்றடி வெட்டி, செம்மண் ஒரு கூடை போட்டு, மேலே பேவர் பிளாக்கை நெருக்கிப் பதித்து, இரும்புக் கூண்டு வைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தக் குழி ஒரு கன மீட்டர்கூட வராது. மூன்று வருடத்தில் வேர் நாலு பக்கமும் இறுகிய சல்லியில் முட்டும். பிறகு மேலே திரும்பி, மண்ணும் ஈரமும் கொஞ்சம் கிடைக்கிற ஒரே இடமான பேவருக்கு அடியிலுள்ள மணல் படுகைக்குள் ஓடும். கல் தூக்கும். தடுக்கி விழுந்தவர் புகார் கொடுப்பார். அப்புறம் மரம் போகும்.

விரிகிற இலைப்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் குறைந்தது 0.3 கன மீட்டர் தளர்வான மண் வேண்டும் என்பது உலகெங்கும் நகர மரக்காரர்கள் வைத்திருக்கும் அளவு. 7 மீட்டர் விட்டமுள்ள புங்க நிழலுக்கு 38 சதுர மீட்டர் பரப்பு, ஆகவே 11.5 கன மீட்டர் மண். கார் ஒன்று நிறுத்தும் இடம் இரண்டரைக்கு ஐந்து மீட்டர். அதை ஒரு மீட்டர் ஆழம் எடுத்தால் 12.5 கன மீட்டர். ஒரு காரின் இடம் ஒரு மரத்தின் இடம் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். நம் ஊர்களில் மழைநீர் வடிகால் பெரும்பாலும் நடைபாதைக்கு அடியிலேயே ஓடுவதால், இரண்டு கார் இடத்துக்கு ஒன்றை மரத்துக்கு விட்டுக்கொடுப்பதே பல வீதிகளில் நடக்கக்கூடிய ஒரே வழி.

வடிகால் எதிர்ப்பக்கம் இருந்து நடைபாதை கிடைத்தால் தனித்தனிக் குழி வெட்ட வேண்டாம். 100 மீட்டரும் ஒரே பள்ளமாக 1.2 மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம் எடுங்கள்: 120 கன மீட்டர், 10 மரம், ஆளுக்குப் பன்னிரண்டு. பக்கத்து மரத்தின் மண்ணையும் வேர் பங்கிட்டுக்கொள்ளும். மேலே வடிகாலுக்குப் போடும் அதே வகை கான்கிரீட் மூடிகளை இருபக்கச் சுவரில் தாங்கவிட்டு, மண்ணுக்கும் மூடிக்கும் இடையில் நாலு விரல் இடைவெளி விட வேண்டும். மூடியின் எடை மண்ணை இறுக்கக் கூடாது என்பதே இதன் நோக்கம். மரம் நிற்கும் இடத்தில் 1.2 மீட்டர் சதுரத் திறப்பு, மற்ற மூடிகளில் மழைநீர் இறங்கத் துளை. நிரப்புவதில் எரு ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மட்கி, மண் கீழே இறங்கி, மரமும் கூடவே இறங்கும்.

கன மீட்டருக்கு 5,000 ரூபாய் என்று வைத்தால் பள்ளமும் மூடியும் 6 லட்சம். கன்று, கூண்டு, மூன்று வருடத் தண்ணீர் 1.5 லட்சம். மொத்தம் 7.5 லட்சம். அதன்பின் கவாத்தும் சருகு அள்ளுவதும் வருடத்துக்கு 30,000. முப்பது வருடத்துக்குப் பரப்பி, முதல் ஆறு வருடம் நிழல் கிடையாது என்று தள்ளிவிட்டால், நிழல் தரும் வருடத்துக்கு 65,000 ரூபாய். டென்சைலைவிடக் குறைவு. ஆனால் இது வட்டியில்லாத கணக்கு. 9 சதவீத வட்டி போட்டால் ஆறு வருடக் காத்திருப்பிலேயே 7.5 லட்சம் 12.6 லட்சமாகிவிடும். அதை மீதி 24 வருடத்தில் திருப்ப வருடத்துக்குப் பராமரிப்போடு 1.6 லட்சம். அதே வட்டியில் டென்சைல் கூரைக்கு 1.5 லட்சம். மரம் கொஞ்சம் தோற்கிறது.

சங்கம் கடன் வாங்கிப் புது மரம் நடுவது சரியான முதலீடு அல்ல என்பது இதிலிருந்து தெரிகிறது. அது மாநகராட்சியின் நீண்டகாலப் பணத்தில், சாலை எப்படியும் தோண்டப்படுகிற சமயத்தில் செய்ய வேண்டியது. அப்போது பள்ளம் வெட்டும் செலவில் பாதி வேறு கணக்கில் போய்விடும்.

நிற்கிற மரத்தின் கணக்கு

இப்போது அதே வீதியில் ஏற்கெனவே பத்துப் பெரிய மரங்கள் நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலீடு இல்லை, காத்திருப்பு இல்லை. வருடத்துக்கு 30,000 பராமரிப்பு, அவ்வளவுதான். விற்பனை 0.16 சதவீதம் கூடினாலே ஈடுகட்டிவிடும். மேலே பார்த்த எதுவும் இதன் பக்கத்தில் வரவில்லை. இதை வெட்டிவிட்டு, பதிலுக்குப் பத்து மடங்கு கன்று நடுவோம் என்று எழுதிக் கொடுப்பது, கையில் இருக்கும் 12.6 லட்ச ரூபாய்ச் சொத்தைத் தூக்கிப்போட்டுவிட்டுக் கடனில் மறுபடி வாங்குவதற்குச் சமம்.

சென்னை தியாகராய நகரிலேயே இதன் இரண்டு முனைகளையும் பார்க்கலாம். 2019இல் பாண்டி பஜாரை நடைபாதை வளாகமாக மாற்றியபோது அகன்ற நடைபாதையோடு பழைய மரங்களின் நிழலும் சேர்ந்துகொண்டதால்தான் உட்காரப் போட்ட பெஞ்சுக்குப் பகலிலும் பயன் இருக்கிறது. கொஞ்ச தூரத்தில் ரங்கநாதன் தெரு. அந்த அகலத்தில் மரம் என்பது பேச்சுக்கே இடமில்லை, அங்கே துணியும் சாய்ப்பும்தான்.

நிற்கிற மரத்தைக் கொல்வது பெரும்பாலும் கோடாரி அல்ல. நடைபாதை வேலை, கேபிள் வேலை, வடிகால் வேலை என்று ஜேசிபி பக்கவேரை ஒரே இழுப்பில் அறுக்கும். மேலே இலை பச்சையாகவே இருக்கும், அடுத்த புயலில் சாயும். வர்தா புயல் 2016 டிசம்பர் 12 அன்று சென்னையில் சாய்த்த மரங்களைப் பார்த்து இயல்வாகையும் மயில்கொன்றையும் தூங்குமூஞ்சியும் அந்நிய மரங்கள், அதனால் விழுந்தன என்ற பேச்சு எழுந்தது. முறிகிற கட்டை என்பதில் உண்மை உண்டு. ஆனால் ஒரு பக்கம் வடிகால் சுவர், மறுபக்கம் தார் என்று வேர் அறுபட்டு நின்றால் வேம்பும் விழும்.

அளவு இதுதான்: நெஞ்சு உயரத்தில் மரத்தின் விட்டத்தைப் போல் 12 மடங்கு தூரம்வரை வேர்க் காப்பு எல்லை. அரை மீட்டர் விட்டமுள்ள மரத்துக்கு 6 மீட்டர். கடைவீதியில் அவ்வளவு கிடைக்காது. மூன்று மடங்கு தூரத்துக்குள், அதாவது ஒன்றரை மீட்டருக்குள், எந்தக் காரணத்துக்காகவும் பள்ளம் வெட்டக் கூடாது. அதற்கு வெளியே, வேர்க் காப்பு எல்லைக்குள் கேபிள் போக வேண்டுமென்றால் கடப்பாரையால் கையாலேயே தோண்டி வேருக்கு அடியில் குழாயை நுழைக்கச் சொல்லுங்கள். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் கான்கிரீட் இல்லாமல் விட வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் டெல்லிக்குப் பிறப்பித்த உத்தரவை மனுவில் எடுத்துக்காட்டலாம். தமிழ்நாட்டில் பொது இடத்து மரத்தை வெட்டும் விண்ணப்பங்களைப் பார்க்க 2021இல் மாவட்டப் பசுமைக் குழுக்கள் அமைக்கப்பட்டன. வெட்டு வேலை டெண்டரில் ஏறும் முன்பே அங்கே மனு போக வேண்டும்.

இன்னொரு மெல்லக் கொல்லி சீரியல் லைட். பண்டிகைக்குச் சுற்றிய கம்பியை அவிழ்க்காமல் விட்டால் மரம் பருத்து, கம்பி பட்டைக்குள் புதைந்து, சத்து இறங்கும் வழியை வளையமாக அறுத்துவிடும். போர்டை மறைக்கிறது என்று ராத்திரியில் ஆசிட் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள்.

போர்டும் மர வகையும்

போர்டுப் புகாரை அலட்சியப்படுத்தக் கூடாது, மரத்துக்கு எதிரான உண்மையான பொருளாதார வாதம் அது ஒன்றுதான். கன்று வளரும் நாலைந்து வருடம் இலைக்கூட்டம் சரியாகப் பெயர்ப்பலகை உயரத்தில் நிற்கும். இரண்டு கடைகளின் பொதுச்சுவருக்கு நேராக மரத்தை வையுங்கள், முகப்பின் நடுவில் வைக்காதீர்கள். எட்டிலிருந்து பத்தடி உயரக் கன்றாக வாங்கி, கீழ்க்கிளைகளை வருடத்துக்கு இரண்டு மூன்றாக எடுத்து, மூன்றரை மீட்டர்வரை தண்டைத் தெளிவாக்கினால் பலகை நிழலுக்குள் பளிச்சென்று தெரியும். உச்சியை மொட்டையடித்தால் பக்கக் கிளைகள் புதராக வெடித்து, மறைப்பு இரட்டிப்பாகும்.

எந்த மரம் என்பதற்கு வீதியின் அகலமே பதில். நடுத்தர வீதிக்குப் புங்கம். இலையுதிர்ந்து, கத்திரி வெயிலுக்குள் புதுத் தழை மூடிக்கொள்ளும், பூவும் காயும் கூட்ட வேண்டியிருக்கும். மகிழம் அடர்த்தி, என்றும் பசுமை, குப்பை குறைவு, ஆனால் மெதுவாக வளரும், பொறுமையுள்ள சங்கத்துக்கு. கரையோரத்துக்குப் புன்னை, பூவரசு. பூவரசைப் போத்தாக, அதாவது கிளையை வெட்டி, நட்டால் ஆணிவேர் இருக்காது, விதைக் கன்றே வேண்டும். தூங்குமூஞ்சிக்கு நூறடிச் சாலை வேண்டும். நாவல் துணிக்கடை வாசலில் கூடாது, காரணம் சொல்லத் தேவையில்லை. ஏழிலைப்பாலை பூக்கும் மாதங்களில் இரவு வாசனை தலைவலி. கோனோகார்பஸை குஜராத் 2023இல் தடை செய்தது, பின்னர் தமிழ்நாட்டிலும் தடை வந்தது. நர்சரியில் மலிவாகத் தள்ளிவிடப் பார்ப்பார்கள்.

ஆந்திராவின் நர்சரி ஊரான கடியத்திலிருந்து லாரியில் வரும் பெரிய கன்றுகள் பையிலேயே வருடக்கணக்கில் இருந்தவை. பையைக் கிழித்ததும் வேர் வளையமாகச் சுற்றியிருந்தால் நாலு பக்கமும் மேலிருந்து கீழாகக் கத்தியால் கீறிவிட்டு நட வேண்டும். இல்லாவிட்டால் பத்தாவது வருடத்தில் அந்த வளையமே மரத்தின் கழுத்தை நெரிக்கும். முதல் கோடையில் ஒருநாள் விட்டு ஒருநாள் 25 லிட்டர். கடை ஏசியின் சொட்டுநீர்க் குழாயைத் திறப்புக்குள் திருப்பிவிட்டால் அதில் ஒரு பங்கு இலவசம். ஆர்.ஓ. கழிவுநீர் உப்பு, அதைத் திருப்பாதீர்கள். டீக்கடைச் சுடுநீரும் அப்படியே.

எந்தப் பக்கம் முதலில்

பணம் ஒரு பக்கத்துக்குத்தான் இருக்கிறது என்றால், வடக்குத் தெற்காக ஓடும் வீதியில் கிழக்குப் பக்கத்தில் போடுங்கள். அந்தக் கடைகள்தான் மேற்கு பார்த்தவை, பிற்பகல் வெயில் முழுக்க அவற்றின் கண்ணாடியில் இறங்கும். எதிர்ப்பக்கத்துக்கு அதன் கட்டடங்களே மூன்று மணிக்கு மேல் நிழல் தரும். கிழக்கு மேற்காக ஓடும் வீதியில் வருடத்தின் பெரும்பகுதி வெயில் விழுவது வடக்குப் பக்க நடைபாதையில். ஏப்ரல் கடைசியில் சென்னையில் உச்சிப் பொழுது சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும், அப்போது பக்கத்துக் கட்டடத்தின் நிழலை நம்ப முடியாது.

முடிவெடுக்கும் முன் ஒரு கோடை மாதம், நிழலுள்ள கடைகள் ஐந்து, நிழலில்லாத அதே தொழில் கடைகள் ஐந்து, பன்னிரண்டு முதல் நாலுவரையான பில் எண்ணிக்கையை ஜிஎஸ்டி மென்பொருளிலிருந்தே எடுத்து, ஒவ்வொரு கடையின் முழுநாள் பில்லில் அது எத்தனை சதவீதம் என்று பார்த்துவிடுங்கள். நடைபாதை வியாபாரிகளிடமும் கேளுங்கள். கீரை, மல்லி, பழம் விற்பவருக்கு மதியம் வாடிக் கழியும் சரக்கே நஷ்டக் கணக்கு. அவர்கள் ஏற்கெனவே எந்த மரத்தடிக்கு முண்டியடிக்கிறார்கள் என்பதைப் பார்த்தாலே வீதியில் எந்த மரம் வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும்.